விரல்நுனிச் சோதனை: எவ்வளவு நம்பலாம்?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை நடைக்குச் சென்றபோது, காந்தி சிலை அருகே நடந்த இலவச முகாம் ஒன்றில் சர்க்கரை அளவு பார்த்துக்கொண்டேன். வெறும் வயிற்றில் 268 என்றது குளுக்கோமீட்டர். மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றார் அங்கிருந்தவர். வீடு திரும்பி, சோப்பால் கை கழுவி என் கருவியில் பார்த்தேன்: 124. அன்றே ஆய்வகத்தில் கொடுத்த ரத்தம் 118 காட்டியது. கிளம்புமுன் பேரனுக்குப் பண்ருட்டிப் பலாச்சுளை எடுத்துக்கொடுத்த விரல்தான் குற்றவாளி. கை கழுவினீர்களா என்று முகாமில் எவரும் கேட்கவில்லை.

ஆய்வகத்துக்கு வெளியே, நோயாளியின் அருகிலேயே செய்யப்படும் இத்தகைய சோதனைகள் பெரும் வரம். நொடிகளில் விடை கிடைக்கிறது. ஆனால், நல்ல ஆய்வகத்தில் ஒவ்வொரு சோதனையையும் சூழ்ந்திருக்கும் காவல்கள் இங்கே பெரும்பாலும் இல்லை.

கருவிக்கே ஓர் எல்லை உண்டு. ஐ.எஸ்.ஓ. 15197 தரநிலையின் 2013 பதிப்புப்படி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில், நூற்றுக்கு 95 முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். அதாவது, உண்மையில் 200 உள்ளவருக்கு 170 அல்லது 230 என்று காட்டுவதும் தரத்துக்கு உட்பட்டதே.

ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் அத்தகைய பெண்ணுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருந்தாலும், கருவி இயல்பு என்று சொல்லிவிடக்கூடும். காலாவதியான பட்டைகளும், மூடி திறந்து ஈரக் காற்றில் கிடந்த பட்டைகளும் பிழையைப் பெருக்கும்.

2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இரு சீன நிறுவனங்களின் கொரோனா எதிரணு விரைவுச் சோதனைக் கருவிகளைத் திருப்பி அனுப்புமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. களத்தில் முடிவுகள் முரண்பட்டதாலேயே அந்தப் பிழை வெளிப்பட்டது. முகாமில் ஒரே முறை விரலைக் குத்திக்கொள்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமில்லை.

ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலையின் 2022 பதிப்பு, ஆய்வகத்துக்கு வெளியே நடக்கும் சோதனைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. ஆனால், நம் நாட்டில் அந்த அங்கீகாரம் பெறுவது கட்டாயமில்லை. முகாம் நடத்துவோர் கருவியைக் கட்டுப்பாட்டுத் திரவத்தால் சரிபார்த்துப் பதிவேட்டில் குறிப்பதையாவது அரசு கட்டாயமாக்கலாம்.

நாமும் இரண்டைக் கடைப்பிடிக்கலாம். எதிர்பாராத எண் வந்தால் கை கழுவி மீண்டும் சோதிப்போம். ஆய்வகமும் மருத்துவரும் உறுதிசெய்யும்வரை மருந்தின் அளவை மாற்றாதிருப்போம். வியர்வை, நடுக்கம், மயக்கம் வந்தால் மட்டும், கருவி என்ன காட்டினாலும், காத்திருக்காமல் உதவி நாடுவோம்.