பட்டச் சான்றிதழும் அதன் மீது விழும் முத்திரைகளும்

வளைகுடா நாடொன்றில் ஆசிரியராகவோ கணக்காளராகவோ தெரிவாகும் நம்மவரிடம் முதலிற் கேட்கப்படுவது அத்தாட்சிப்படுத்தப்பட்ட பட்டச் சான்றிதழாகும். நியமனக் கடிதம் வந்த பின்னரே சான்றிதழைத் தேடத் தொடங்குவோர் நம்மிடையே அநேகர். பட்டமளிப்பு விழாவுக்குச் செல்லாது, உறுதிப்படுத்தற் கடிதமொன்றுடன் உள்ளூரில் வேலைக்குச் சேர்ந்து விட்டவர்களது சான்றிதழ்கள் பல்கலைக்கழகப் பரீட்சைக் கிளையிலேயே தங்கி விடுவதுமுண்டு. வெளிநாட்டு நிறுவனம் கொடுக்கும் தவணையோ சில வாரங்கள் மட்டுமே.

அத்தாட்சிப்படுத்தல் என்பது யாது என்பதில் நிலவும் மயக்கமே பாதித் துன்பத்துக்குக் காரணம் என நாம் கருதுகின்றோம். வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் விவகாரப் பிரிவு ஒருவரது கல்வியை மதிப்பிடுவதில்லை. சான்றிதழிலுள்ள கையொப்பமும் முத்திரையும் உரிய அதிகாரியுடையவைதாமா என்பதையே அது உறுதிப்படுத்துகின்றது. அதன் மேல் விழும் தூதரக முத்திரை, அமைச்சின் கையொப்பத்தை மாத்திரம் ஏற்றுக்கொள்கின்றது. ஆவணம் சென்றடையும் நாட்டின் வெளிநாட்டு அமைச்சும் தன் முத்திரையைக் கோருவது வளைகுடாவில் வழமை. ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்தியதற்கே சாட்சி. ஆகவே அடியிலுள்ள பல்கலைக்கழக ஆவணத்தில் குறையிருப்பின், மேலே எத்தனை முத்திரைகள் விழுந்தாலும் அக்குறை நீங்கப் போவதில்லை. பிரசித்த நொத்தாரிசு ஒருவர் உறுதிப்படுத்திய நிழற்பிரதி வேறு, இந்த அத்தாட்சி வேறு என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அக்குறை பெரும்பாலும் பெயரிலேயே இருக்கின்றது. பிறப்புச் சான்றிதழில் தமிழில் எழுதப்பட்ட பெயர், பாடசாலையில் க.பொ.த. பரீட்சைக்கு விண்ணப்பிக்கையில் யாரோ ஒருவரால் ஆங்கிலத்துக்கு மாற்றப்படுகின்றது. அதே எழுத்துகளே பல்கலைக்கழகத்துக்கும் செல்கின்றன. கடவுச்சீட்டு எடுக்கும் போது இன்னொரு எழுத்துக்கூட்டல் பிறக்கின்றது. முஸ்லிம் ஒருவரது பெயர் முகம்மது என்றும் முஹம்மத் என்றும் மொஹமட் என்றும் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாகக் காணப்படலாம். தமிழரிடையே தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்றோரிடத்தில் முழுமையாகவும் நிற்கின்றது. திருமணத்தின் பின் கணவரின் பெயரைக் கடவுச்சீட்டிற் சேர்த்துக் கொண்ட பெண்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. நமக்கு இவையெல்லாம் ஒரே ஆளின் பெயர்கள். நம் வழக்கத்தை அறியாத அந்நிய நாட்டு அதிகாரிக்கு அவை மூவரின் பெயர்கள்; அவரைக் குறை கூறுவதிலும் பயனில்லை.

எனவே பட்டமளிப்பு விழாவுக்கு முன் பல்கலைக்கழகம் பெயரைச் சரிபார்க்கக் கேட்கும் போது, பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் அருகில் வைத்துக் கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்ப்பது அவசியம். அச்சிட்ட பின்னர் திருத்தம் கோருவது நெடும்பயணம். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் எனச் சமாதான நீதவான் முன்னிலையில் வழங்கும் சத்தியக் கடதாசி சில இடங்களில் கைகொடுக்கும், சில இடங்களில் ஏற்கப்படாது. சான்றிதழை லெமினேட் செய்வதும் வேண்டாம். முத்திரை விழ வேண்டிய தாளைப் பிளாஸ்டிக்கால் மூடினால் முத்திரையை எங்கே இடுவது? சுவரில் மாட்டிப் பெற்றோர் மகிழ்வதற்கு ஒரு பிரதி போதுமே.

தொலைந்த சான்றிதழ்களின் கதை வேறு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 2004 டிசெம்பரில் கடலுக்கு வீட்டைக் கொடுத்த கிழக்கு மக்களும், 2009இல் வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வெறுங்கையுடன் முகாமுக்கு வந்தோரும் ஆவணங்களைத் தாமாகத் தொலைத்தவர்களல்லர். இவ்வாறானோர் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, சத்தியக் கடதாசி, மாணவர் பதிவிலக்கம் ஆகியவற்றுடன் பதிவாளரை அணுகுவதே வழி. பதிவிலக்கம் நினைவில்லாவிடின் அனுமதி ஆண்டும் பீடமும் தேடலுக்கு உதவும்.

முன்னர் இதற்கெல்லாம் கொழும்புக்கே செல்ல வேண்டியிருந்தது. இரவுப் பயணமும் விடுதிச் செலவும் அஞ்சியே பலர் தரகரை நாடினர். போலி முத்திரை ஒன்று பிடிபட்டால் தரகர் மறைந்து விடுவார். வெளிநாட்டில் விளக்கமளிக்க வேண்டியவர் பட்டதாரியே. கொன்சியூலர் சேவை யாழ்ப்பாணம், திருகோணமலை, கண்டி, மாத்தறை, குருநாகல் ஆகிய இடங்களுக்கும் விரிவடைந்தமை நல்லதொரு மாற்றம். எனினும் தூதரக முத்திரைக்குக் கொழும்பைத் தவிர்க்க முடிவதில்லை. தூதரகப் படியையே நீக்கி, ஒரே அத்தாட்சியைப் போதுமாக்கும் 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இலும், சவூதி அரேபியா 2022இலும் இணைந்து கொண்டன. இலங்கை நீண்ட காலம் அதற்கு வெளியே நின்றதன் விலையைச் செலுத்தியோர் நமது பட்டதாரிகளும் தொழிலாளருமே.

பல்கலைக்கழகங்களிடமும் நாம் ஒன்று கேட்கின்றோம். க.பொ.த. பெறுபேற்றுச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையவழியில் விண்ணப்பிக்க முடிகின்றது. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படித்து வெளியேறியவர்கள் இன்று தோஹாவிலும் ரியாத்திலும் இருக்கின்றனர். பெறப்படாத சான்றிதழ்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட்டு, அதிகாரமளிக்கப்பட்ட உறவினர் ஒருவர் எந்தெந்தக் கடிதங்களுடன் வந்தால் சான்றிதழ் கையளிக்கப்படும் என்பதைத் தமிழில் தெளிவாக அறிவித்தால், விடுமுறை எடுத்து விமானமேறி வருவோரின் தொகையாவது குறையும்.