ஆடல் காத்த பண்

ஒரு நாட்டின் வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதன்று. மக்களுடைய நாவிலும் செவியிலும் காலிலுங்கூட அஃது எழுதப்பெற்றிருக்கும். மன்னர் எழுப்பிய மாளிகை இடிந்து மண்ணாகும். எளிய மக்கள் பாடிய பாட்டும் ஆடிய ஆட்டமும் தலைமுறை தலைமுறையாக நின்று வாழும். இவ்வுண்மைக்கு அயர்லாந்து நாட்டு ஆடற்பண் ஒன்று தக்க சான்றாகும். 'பாட்ரிக் திருநாள்' என்பது அதன் பெயர்.

அயர்லாந்து, ஐரோப்பாவின் மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்த பசுமையான தீவு. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அங்குக் கிறித்தவ சமயத்தைப் பரப்பிய பாட்ரிக் அடிகளாரை அந்நாட்டார் தம் காவலராகப் போற்றுவர். மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் அவருடைய திருநாள். அத்திருநாளின் பெயரையே இப்பண் தாங்கி நிற்கின்றது.

இதன் தாளம் மும்மூன்றாகத் துள்ளி நடப்பது. ஒவ்வொரு தாளவட்டத்திலும் ஆறு சிற்றளவுகள் உண்டு. அவை மூன்று மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு மூன்றின் தொடக்கத்திலும் அழுத்தம் பெறும். இவ்வகைப் பண்ணை அந்நாட்டார் 'ஜிக்' என்பர். பிடில், குழல், துருத்திக்குழல் ஆகியவற்றில் இதனை இசைப்பர். துருத்திக்குழல் வாயால் ஊதப்படுவதன்று. இசைப்பவர் அமர்ந்த நிலையில் ஒரு முழங்கையால் துருத்தியை இயக்கிப் பைக்குக் காற்றூட்டுவார். மற்றொரு கையால் அப்பையை அணைத்து அமுக்கிக் குழலுக்குக் காற்றைச் செலுத்துவார். விரல்களோ குழலின் துளைகளில் விளையாடும்.

அயர்லாந்தின் ஆடற்பண்களிற் பெரும்பாலானவை எட்டு எட்டுத் தாளவட்டங்கள் கொண்ட பகுதிகளால் ஆனவை. ஆதலின், ஒரு பண்ணுக்குக் கற்ற அடிவைப்பைப் பிறிதொரு பண்ணுக்கும் ஆடலாம். 'பாட்ரிக் திருநாள்' அத்தகையதன்று. அதன் முதற்பகுதி எட்டுத் தாளவட்டங்களை உடையது. இரண்டாம் பகுதியோ பதினான்கினை உடையது. வேறு பண்ணுக்குரிய அடிவைப்பு இதனுள் அடங்காது. ஆகவே, இப்பண்ணுக்கென்றே தனி ஆடல் ஒன்று வகுக்கப்பட்டது. இவ்வாறு இன்ன பண்ணுக்கு இன்ன ஆடல் என்று வரையறுத்து அமைத்தவற்றை 'வரையறை ஆடல்' எனலாம். 'கரும்பறவை', 'டெய்சி மலர்த் தோட்டம்', 'மூன்று மாலுமித் தலைவர்கள்' முதலியனவும் இவ்வகையினவே.

வரையறை ஆடலை ஒருவரே நின்று ஆடுவர். அவர் அணியும் காலணியின் அடிப்பாகம் கடினமானது. முதற்பகுதி இசைக்கப்படும்போது வலக்காலை முதன்மையாகக் கொண்டு ஆடுவார். அப்பகுதி மீண்டும் ஒலிக்கும்போது, அதே அடிவைப்பை இடக்காலை முதன்மையாகக் கொண்டு ஆடுவார். அதன்பின் நீண்ட பகுதியை ஆடி முடிப்பார். உடல் நிமிர்ந்து நிற்கும். கைகள் பக்கங்களில் அசையாதிருக்கும். கால்களோ முழவென முழங்கும். ஒவ்வோர் அடியும் தெளிவாகக் கேட்கவேண்டுமாதலின், இசைப்பவர் விரைவைக் குறைத்து நிதானமாக வாசிப்பார். அழகுக்காகச் சிறு அசைவுகளை இடையிடையே சேர்ப்பார். ஆயின் அளவை மாற்றார்.

இப்பண்ணின் இனிமை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து பரவிற்று. 1762ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நடிக்கப்பெற்ற 'சிற்றூர்க் காதல்' என்னும் இசை நாடகத்தில் இம்மெட்டு எடுத்தாளப்பட்டது. எடின்பரோ நகரத்துப் பதிப்பாளரான ஜார்ஜ் தாம்சன் வேண்ட, செருமானிய இசைமேதை பேத்தோவன் அயர்லாந்துப் பண்கள் பலவற்றுக்குப் பக்க இசை அமைத்தார். அவற்றுள் இதுவும் ஒன்று. 1900ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற 'அயர்லாந்துக் காவற்படை' என்னும் பிரிட்டானியப் படைப்பிரிவும் தன் விரைவு நடைக்கு இதனையே கொண்டது. இவர்களெல்லாம் பண்ணை மட்டுமே எடுத்துக்கொண்டனர். பண்ணோடு பிறந்த ஆடலைக் காத்தவர் யாவர்?

சிற்றூர்தோறும் நடந்து திரிந்த ஆடலாசிரியரே அவர். ஆங்கிலேய வேளாண்மை அறிஞர் ஆர்தர் யங், 1776ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தில் பயணம் செய்தார். அங்குக் கண்டவற்றை 1780ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஏழை மக்களிடையே ஆடல் எங்கும் பரவியிருந்ததனையும், அவர்களுள் ஒருவரான ஆடலாசிரியர் துருத்திக்குழல் வல்லார் ஒருவரையோ கண்ணிழந்த பிடில் கலைஞர் ஒருவரையோ உடன் அழைத்துக்கொண்டு குடிசை குடிசையாகச் சென்றதனையும் அவர் குறித்துள்ளார். மூன்று திங்களுக்கு ஆறு பென்சு என்பதே அவ்வாசிரியர் பெற்ற ஊதியம்!

குடிசையின் மண்தரையில் அடியோசை எழாது. அதனால் கதவைக் கழற்றித் தரையில் இடுவர்; அதுவே ஆடரங்கு ஆகிவிடும். வலம் இடம் அறியாத மாணவனுக்கு ஒரு காலில் வைக்கோற் கயிற்றையும், மற்றொரு காலில் முறுக்கிய மென்கொம்பினையும் கட்டி, 'வைக்கோற் காலைத் தூக்கு. கொம்புக் காலைத் தாழ்த்து' என்று கற்பிப்பாராம். எழுத்தறியாத சிறுவனும் இவ்வாறு கலையறிவு பெற்றான்.

இத்தகைய கலைக்குப் பெருங்கேடு ஒன்று வந்தது. 1845ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளின் உணவு அக்கிழங்கே. 1852ஆம் ஆண்டு வரை நீடித்த கொடிய பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறி அயல்நாடு சென்றனர். எழுதி வைக்கப்படாத கலைக்கு மனிதரே ஏடு. மனிதர் மடிந்தால் ஏடும் மடியும். கேட்டுக் கற்க இளைஞரும், கற்பிக்க முதியரும் இல்லாத ஊர்கள் பலவாயின.

அப்பஞ்சக் காலத்தில், 1848ஆம் ஆண்டில், கார்க் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் பிரான்சிஸ் ஓநீல். இளமையிலேயே கடலோடியாகி, பின்னர் அமெரிக்காவின் சிகாகோ நகரை அடைந்து, காவல் துறையிற் சேர்ந்தார். 1901ஆம் ஆண்டில் அந்நகரக் காவல் துறையின் தலைவராகவும் உயர்ந்தார். புலம்பெயர்ந்த தம் நாட்டவர் நினைவில் தங்கிய பண்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர் வாயாற் பாடிக் காட்ட, உடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஓநீல் என்பார் எழுதினார். 1903ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் தொகுப்பில் 1,850 பண்கள் இடம்பெற்றன.

நூல் பண்ணைக் காத்தது. ஆடலைக் காக்க ஆசிரியர் வேண்டும். ஐரிஷ் மொழியை வளர்க்க 1893ஆம் ஆண்டில் எழுந்த கேலிக் கழகம் ஆடலுக்கும் ஊக்கம் தந்தது. பழைய ஆசிரியர் வழிவந்தோர் தாம் கற்ற அடிவைப்பை இளையோர்க்கு அளித்தனர். இன்று அயர்லாந்திலும் பிற நாடுகளிலும் வரையறை ஆடல் பயிலத் தொடங்கும் சிறுவர் சிறுமியர் பலருக்கு முதற்பாடமாக அமைவது 'பாட்ரிக் திருநாளே' ஆகும்.

இசைப்பவர் தனித்து வாசித்திருப்பின், பதினான்கினைப் பிறவற்றைப்போல் பதினாறாக்கி ஒழுங்குபடுத்தியிருத்தல் கூடும். ஆடுபவர் எதிரே நிற்கையில் அது நிகழாது. அளவு பிறழின் அடி பிறழும். இவ்வாறு பண் ஆடலை நடத்த, ஆடல் பண்ணைக் காத்தது. ஆறு பென்சு பெற்ற ஆசிரியரின் பெயரை வரலாறு குறிக்கவில்லை. ஆயினும், அவர் கற்பித்த அடி இன்றும் ஒலிக்கின்றது. கற்றதைக் குறையாது பயின்று அடுத்தவர்க்கு அளிப்பவரே கலையின் உண்மைக் காவலர் ஆவர்.