பனிக்காலத்துக் காஷ்மீர்ச் சாலையும் லாரி ஓட்டுநர்களும்

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் வடகோடியில், ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 270 கிலோமீட்டர் மலைப்பாதைதான், காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்கு எரிவாயு, பெட்ரோல், ஆடு, கோழி முதலியவற்றைக் கொண்டுசெல்லும் லாரிகளுக்கும், அங்கிருந்து ஆப்பிள் ஏற்றிவரும் லாரிகளுக்கும் முதன்மையான வழியாகும். மாற்றுவழியான முகல் சாலை ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் மலைத்தொடரைக் கடப்பதால், குளிர்காலத்தில் பெரும்பாலும் பனியால் மூடிக்கிடக்கும்.

மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து ஈரத்தைச் சுமந்து கிழக்கே நகரும் ‘மேற்கத்திய இடையூறு’ என்னும் காற்றுச்சுழற்சி, இமயமலையை அடைந்து, உயரத்தில் பனியாகவும் தாழ்வில் மழையாகவும் பொழிகிறது. 1956இல் திறக்கப்பட்ட ஜவகர் சுரங்கப்பாதையை ஒட்டிப் பனி குவிந்து போக்குவரத்து நின்றுபோவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது; 2021இல் பயன்பாட்டுக்கு வந்த, ஏறத்தாழ 8.5 கிலோமீட்டர் நீளமுள்ள பனிஹால்–காசிகுண்ட் சுரங்கப்பாதை, அதைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வில் குடையப்பட்டதால் அத்தொல்லை பெரிதும் குறைந்தது. ஆனால் ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் இடையிலான நொய்ந்த பாறைச் சரிவுகள், சாலையை நான்குவழியாக்க வெட்டப்பட்டபின் மேலும் பிடிப்பிழந்து, கனமழையில் சேறும் கல்லுமாகச் சாலையை மூடிவிடுகின்றன.

அடைப்பு அறிவிக்கப்பட்டதும் உதம்பூர், காசிகுண்ட் முதலிய இடங்களில் லாரிகள் நிறுத்தப்படுகின்றன. கல் உருளும் சரிவின் அடியில் சிக்குவதைவிட அது நல்லதே என்றாலும், அதன்பின் ஓட்டுநருக்கு வண்டியின் கேபினே சமையலறையும் படுக்கையறையும் ஆகிறது. அடைத்த கேபினுக்குள் அடுப்பை எரியவிட்டு உறங்கினால், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உயிரைப் பறித்துவிடும் என்பதால், எவ்வளவு குளிரடித்தாலும் அடுப்பை அணைத்துவிட்டே படுக்க வேண்டும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகுப்பொருள் திரண்டு வடிகட்டியை அடைத்துக்கொள்வதால் எஞ்சின் கிளம்ப மறுப்பதும் உண்டு. லடாக் போன்ற உயர்மலைப் பகுதிகளுக்கென, மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் அறிமுகப்படுத்தியது.

இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்பவருக்கும் தாங்க இயலாதது வருவாய் இழப்பு. நடைக்கணக்கில் ஊதியம் பெறும் ஓட்டுநருக்கு, நின்ற இடத்திலேயே கழியும் நாள்கள் வருவாயற்ற நாள்களாக இருக்க, சாப்பாட்டுச் செலவு மட்டும் நிற்பதில்லை. காத்திருப்புக்குரிய தொகையைச் சரக்கு அனுப்புவோர் வாடகையோடு சேர்த்துத் தருவதும், நிறுத்துமிடங்களில் கழிப்பறையும் வெந்நீரும் அமைப்பதும் சுரங்கம் தோண்டுவதைப் போலவே அவசரமானவை. சாலை திறந்தாலும் பயணிகள் வண்டிகள் முதலில் விடப்பட்டு, கனரக வண்டிகள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே அனுமதிக்கப்படுவதால், வரிசையின் கடைசி லாரி நகர மேலும் ஓர் இரவு கழிய வேண்டியிருக்கும்.