நோன்பாளியும் புகைப்பழக்கமும்

புகையிலை சங்கச் சான்றோர் அறியாத பொருளாகும். அமெரிக்க மண்ணுக்குரிய அச்செடி போர்த்துக்கீசியர் வழியாக இந்தியக் கரையை அடைந்தது. அடைந்த பின்னர் அது மிக விரைவில் வேரூன்றியது. சீனிச் சர்க்கரைப் புலவர் அதனையே தூதாக விடுத்துப் 'புகையிலை விடு தூது' பாடும் அளவிற்குத் தமிழர் வாழ்வில் கலந்தது. உணவாகவும் மருந்தாகவும் பயன்படும் இலைகள் எத்தனையோ இருக்க, இந்த இலையைப் புகையாலேயே அடையாளம் கண்டு பெயரிட்டனர் நம் முன்னோர். பெயரிட்டவர்கள் அதன் தீங்கை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அத்தீங்கை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியது 20-ஆம் நூற்றாண்டு மருத்துவ அறிவியலாகும். 1950-இல் இலண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளரை ஆராய்ந்த ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இருவரும் புகைப்பழக்கமே அந்நோய்க்குப் பெருங்காரணம் எனக் கண்டனர். சாலைக்கு இடும் தாரும் மோட்டார் வண்டிப் புகையுமே காரணமாகலாம் என முதலில் எண்ணியிருந்த டால், ஆய்வு வேறு திசையைக் காட்டியதும் தாமே புகைப்பதை விட்டார். பின்னர் 1951 முதல் பிரிட்டனின் மருத்துவர்களையே அவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். 50 ஆண்டுகளின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. புகைப்போர் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர். 60 வயதில் விட்டவர் 3 ஆண்டுகளையும், 50-இல் விட்டவர் 6 ஆண்டுகளையும், 40-இல் விட்டவர் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொள்கின்றனர். 30 வயதில் விட்டவரோ இழப்பு ஏறத்தாழ முழுவதையுமே தவிர்த்துவிடுகிறார். "இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும் நம் பெரியோர்க்கு இக்கணக்கிலேயே விடை உள்ளது.

இவை அயல்நாட்டுச் செய்திகள் என்று ஒதுக்குவதற்கும் இல்லை. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த ஏறத்தாழ 43,000 ஆண்களைப் பற்றிய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைப்பவர்க்கு மற்றவரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகையே காரணம் என்றும் அது கண்டது. மேலைநாட்டவர் புற்றுநோயையும் மாரடைப்பையும் முன்னிறுத்திப் பேச, நம் மண்ணில் காசநோயும் புகையோடு கைகோத்து நிற்கிறது.

பீடி வெறும் இலைதானே, சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்று கருதுவோர் இன்றும் பலர். பீடி இலையில் காற்று எளிதில் ஊடுருவாது. அணைந்து அணைந்து போவதால் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியுள்ளது. எனவே தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவதில்லை. மேலப்பாளையத்திலும் குடியாத்தத்திலும் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காத்த தாய்மார்களை நாம் அறிவோம். புகைத்தே அறியாத அவர்கள், புகையிலைத் தூளைச் சுவாசித்தே வாழ்நாளைக் கழிக்கின்றனர். அவர்தம் உழைப்பைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர்களுக்கு வேறு பிழைப்புக்கு வழிகாட்டுவது சமுதாயத்தின் கடமை. அது தனியே விரித்துரைக்க வேண்டிய செய்தி.

இனி, விடுவது எவ்வாறு என்பதைக் காண்போம். உள்ளிழுத்த புகையிலிருந்து நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. குறையும்போது எழும் எரிச்சலையும் கவனச் சிதறலையும் அடுத்த சிகரெட் தணிக்கிறது. 'புகைத்தால்தான் மனம் அமைதியடைகிறது' என்பதன் உட்பொருள் இதுவே. புகை மூட்டிய தீயைப் புகையே அவிக்கிறது.

அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் பொறுக்க இயலாத அதே மனிதர், ரமலானில் சஹர் முதல் இஃப்தார் வரை 13 மணி நேரத்திற்கும் மேலாகப் பொறுத்திருக்கிறார். பசியும் தாகமும் உடன் வருத்தும் நிலையில் பொறுத்திருக்கிறார். புகைத்தால் நோன்பு முறியும் என்பதால் அந்த வழியே அவர்க்கு இல்லை. அஸர் வேளைக்குள் குருதியில் இருந்த நிகோடினில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடோ 12 மணி நேரத்தில் இயல்பு நிலைக்கு இறங்குகிறது. கரையேறிய மனிதர், கஞ்சி குடித்து மஃரிபு தொழுத கையோடு பெட்டிக்கடைக்குச் சென்று மீண்டும் ஆற்றில் குதிக்கிறார். ஒரு மாதம் முழுவதும் நாள்தோறும் இது நிகழ்கிறது. வருந்தத்தக்க இக்காட்சியில் நம்பிக்கைக்கும் இடமுண்டு என்பதே நம் துணிபு.

பகலில் அவர் எப்படிப் பொறுத்தார்? நிய்யத் வைத்த நொடியிலேயே அவர் மனத்துள் பேரம் முடிந்துவிட்டது. 'இப்போது ஒன்று பிடிக்கலாமா?' என்னும் வினாவே எழுவதில்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு அரண் செய்கிறது. புகைக்கும் விமானப் பணியாளர்களைக் குறுகிய பயணத்திலும் நெடிய பயணத்திலும் சோதித்தனர். புகைக்காதிருந்த நேரம் ஒன்றாகவே இருந்தபோதும், தரையிறங்கும் வேளை நெருங்கியவர்க்கே வேட்கை மிகுந்தது. இன்னும் பல மணி நேரம் பறக்க வேண்டியவர்க்கு அது அடங்கியிருந்தது. வேட்கையை வளர்ப்பது நிகோடின் குறைவு மட்டுமன்று. கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பும் ஆகும். இஃப்தாருக்கு முந்தைய அரைமணி நேரத்தில் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

ஆகவே, விட விரும்புவோர் 'குறைத்துக்கொள்கிறேன்' என்று நாளுக்கு நாள் பேரம் பேசுவதை விட, நோன்பு திறந்த பின்னும் அக்கதவைத் திறவாதிருக்க ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நன்று. முதல் இரண்டு மூன்று நாள்கள் கடினமானவை. வேட்கை எழுந்தால் சில நிமிடங்களில் தணியும். இஃப்தாருக்கும் தராவீஹுக்கும் இடைப்பட்ட வேளையைக் கடைத்தெருவில் கழிக்காமல் வீட்டாரோடு கழித்தாலே பாதி வெற்றி. எரிச்சலும் உறக்கக் குறைவும் மூன்று நான்கு வாரங்களில் பெரிதும் அடங்குகின்றன. ரமலான் முழுமைக்கும் ஏறத்தாழ அதே காலம்தான். புகையை விட்டு வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்துக்கொள்வது மட்டும் ஆகாது. அது நோயை நுரையீரலிலிருந்து வாய்க்கு மாற்றுவதாகும்.

மன உறுதி இல்லாதவர் என்று எவரையும் இகழ்தல் கூடாது. நிலையாக விட்டவர்களுள் பலர் முன்னர்ப் பலமுறை முயன்று தோற்றவர்களே. மருத்துவர் தரும் மருந்தும், நிகோடின் மெல்லுபசையும் வெற்றி வாய்ப்பைக் கூட்டுகின்றன. அரசின் கட்டணமில்லா ஆலோசனை எண் 1800-11-2356 ஆகும். அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் இதற்கென ஆலோசனை உண்டு. பெரியோர்கள் செய்யத்தக்க சிறு உதவியும் ஒன்றுண்டு: கடைக்குச் சென்று சிகரெட் வாங்கிவரச் சிறுவர்களை ஏவாதிருத்தல். 18 வயது நிரம்பாதவர்க்கு அதனை விற்பதே 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஒரு மாதம் விட்டிருந்தவர் வழுக்கி விழும் நாள் பெரும்பாலும் பெருநாளாகவே இருக்கும். தொழுகை முடிந்து, முஸாஃபஹா செய்து, பிரியாணிக்குப் பின் நண்பர் வட்டத்தில் ஒரு பெட்டி சுற்றி வரும். "ஒன்றுதானே, பெருநாளாயிற்றே" என்பார்கள். அப்போது சொல்ல வேண்டிய மறுமொழியைப் பிறை கண்ட இரவிலேயே ஆயத்தம் செய்துகொள்வது நல்லது. "நான் இன்னும் நோன்பு திறக்கவில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் போதும்.