நெடுந்தீவுக்கு நாலு இலக்கம்

யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதத்தைக் கையில் கொண்டுபோவதென்றால் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு தாண்டி, குறிகட்டுவானில் படகேற வேண்டும். கடல் நல்ல குணத்தோடு இருந்தால் அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அதே கச்சேரி மேசையில் நாலு இலக்கத்தை அழுத்தி, அடுத்த அறையைக் கூப்பிடுவதுபோல நெடுந்தீவைக் கூப்பிடலாம் என்றால் நடுவில் என்னதான் நடக்கிறது?

(தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு வார்த்தை: எங்கள் கச்சேரியில் பாட்டு இல்லை. அது மாவட்டச் செயலகம். அலுவலகத்தைக் கந்தோர் என்போம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.)

யாழ் மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 15. கச்சேரியோடு சேர்த்து 16 இடங்கள். ஒவ்வொரு கந்தோரையும் மற்ற எல்லாவற்றோடும் நேரே கம்பியிழுத்து இணைக்கப் போனால் 120 கம்பிகள் வேண்டும். எல்லாக் கம்பியையும் கச்சேரிக்குக் கொண்டுவந்து அங்கே ஒருவர் மாற்றிக் கொடுத்தால் 15 போதும். தொலைபேசி நிலையம் என்பதன் முழு இரகசியமும் இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது. மாற்றிக் கொடுக்கும் அந்த ஒப்பரேற்றரின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர் அல்மன் ஸ்ட்ரௌஜர் என்ற அமெரிக்கர். பிரேத அடக்கம் அவருடைய தொழில். தனக்கு வரும் வாடிக்கையை ஒப்பரேற்றர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில் அவர் இதைச் செய்தார் என்பது கதை. காப்புரிமை கிடைத்த ஆண்டு 1891.

15 கந்தோருக்கும் வழி போட்டாயிற்று. ஒரு கந்தோருக்கு எத்தனை வழி? நெருக்கடியான ஒரு மணித்தியாலத்தில் 40 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்று வைப்போம். மொத்தம் 120 நிமிடப் பேச்சு. இரண்டு வழி போதும் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் அழைப்புகள் சங்கக்கடை வரிசையில் நிற்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. ஐந்து நிமிடம் ஒருவரும் இல்லை, பிறகு ஆறு பேர் ஒரே நேரத்தில். இந்தத் தாறுமாறுக்கும் ஒரு சூத்திரம் உண்டென்று காட்டியவர் கொப்பனேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற டென்மார்க்குக் கணிதர். 1917இல் வெளியான அவர் கணக்குப்படி, இரண்டு வழி இருந்தால் நூற்றில் 40 அழைப்புகள் 'பிஸி' என்று திரும்பும். ஐந்து வழி போட்டால் நூற்றில் நாலுகூட இல்லை.

எனக்கு அதிசயமாகப் படுவது அடுத்த படிதான். இதே அளவு பேச்சுள்ள இரண்டு கந்தோர்களுக்குத் தனித்தனியே ஐந்தைந்து, மொத்தம் பத்து வழி. இரண்டையும் ஒரே பொதுப் பாதையில் விட்டால் எட்டு வழியிலேயே அதைவிடக் குறைவான 'பிஸி'. ஒருவர் சும்மா இருக்கும் நேரம் மற்றவருக்கு உதவுகிறது. கிணற்றில் பங்கு வைத்துத் தோட்டம் செய்த ஊருக்கு இது விளங்காத விஷயமல்ல.

நெடுந்தீவு போன்ற இடத்துக்குக் கடலுக்கு மேலால் வானொலி அலையாகப் பேச்சை அனுப்புவது சுலபம். 50 மீற்றர் உயரமான இரண்டு கோபுரங்கள் 50 கிலோமீற்றர் தள்ளி நின்றாலும் ஒன்றையொன்று பார்க்கும். குடாநாட்டில் மலை கிடையாது. மறைப்பதென்றால் பனைதான்; அதுவும் 30 மீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம்.

தெற்கே போவதுதான் எப்போதும் கரைச்சல். தரைவழியின் பிரதான வாசல் ஆனையிறவு. 1990இல் ஏ-9 வீதி மூடி 2002இல் திறந்தது. 2006இல் மறுபடி மூடி 2009இல் திறந்தது. தொண்ணூறுகளில் தொலைபேசியும் அறுந்து கிடந்த காலத்தில், பிள்ளையின் வெளிநாட்டுக் கோலுக்காகக் கொழும்பு லொட்ஜுகளில் காத்திருந்த தாய்மார் எத்தனையோ பேர். செய்மதி வழியாக வந்த கோல் என்றால் குரல் 36,000 கிலோமீற்றர் மேலே போய்க் கீழே இறங்கவே கால் செக்கன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் "ஹலோ, கேக்குதோ" என்று மோதிக்கொண்டது அதனால்தான்.

இன்றைய கந்தோர்த் தொலைபேசி கணினி வயரிலேயே ஓடுகிறது. அரசாங்கக் கந்தோர்களை ஒரே வலையில் கோக்க 'லங்கா அரசாங்க வலையமைப்பு' என்ற ஏற்பாடே உண்டு. குரலை ஒரு செக்கனுக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 256 படிகளில் ஒன்றாக எழுதி, 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை 160 பைற் கொண்ட பொதியாகக் கட்டி அனுப்புகிறது கருவி. செக்கனுக்கு 50 பொதிகள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சுமார் 400 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி அதை 2 மில்லிசெக்கனில் கடந்துவிடும். பொதியைக் கட்டி முடிக்கும்வரை கருவி காத்திருக்கும் நேரம் அதைப்போல் பத்து மடங்கு! ஒரு கோல் தாமதித்தால் அநேகமாகத் தூரத்தைக் குறை சொல்ல முடியாது.

இந்த முறையில் இலக்கம் கம்பியை விட்டுக் கழன்றுவிட்டது. முன்பு ஒரு இலக்கம் என்றால் ஒரு சோடி செப்புக் கம்பி. கம்பி எந்தச் சுவரில் முடிகிறதோ அங்கேதான் மணி அடிக்கும். இப்போது ஒவ்வொரு கருவியும் இடைக்கிடை தலைமைக் கணினிக்கு "நான் இன்ன இலக்கம், இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று இடாப்பில் பேர் பதிகிறது. நாலு இலக்கத்தை அழுத்தினால் கணினி அந்த இடாப்பைப் பார்த்து ஆளைக் காட்டிவிடும். குரல் பிறகு கருவிக்குக் கருவி நேராகவே போகலாம். நெடுந்தீவு உத்தியோகத்தர் தன் கருவியைக் கழற்றி எடுத்துவந்து அதே வலையில் சாவகச்சேரியில் பூட்டினால், அவர் இலக்கமும் கூடவே படகேறி வந்துவிடும். 021 என்று தொடங்கினால் ஆள் வடக்கில் என்று முன்பு கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இனி அந்த நிச்சயம் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. பழைய செப்புக் கம்பி தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் நிலையத்தின் 48 வோல்ற் பற்றறியிலிருந்தே கொண்டுவந்தது. ஊர் இருண்டாலும் மணி அடிக்கும். புதிய கருவி கந்தோரின் கரண்டை நம்பியது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தபோது ஒரு கந்தோருக்குப் போயிருந்தேன். மேசைக்கு மேசை கறுப்புக் கருவிகள், எல்லாவற்றின் திரையும் செத்துக் கிடந்தது. மூலையில் கோப்புகளுக்குப் பின்னால் ஒரு பழைய போன் அடித்தது. எடுக்க எழும்பிய கிளார்க் அம்மா, "இதைக் கழற்றச் சொல்லி மூன்று தரம் கடிதம் வந்தது, தம்பி" என்றார்.