7 மி.மீ. என்றால் எம்.ஆர்.ஐ. வேண்டுமா?

மகளிர் பரிசோதனை பேக்கேஜுக்கான சலுகை மாதக் கடைசியோடு முடிகிறதாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'எண்டோமெட்ரியம் தடிப்பு 7 மி.மீ.' என்று வந்திருக்கிறது, சலுகை இருக்கும்போதே எம்.ஆர்.ஐ.யும் எடுத்துவிடலாமா என்று வாசகிகள் பலர் கேட்டிருக்கிறார்கள்.

எண்டோமெட்ரியம் என்பது கருப்பையின் உள்வரி. அதன் தடிப்பு வெறும் அளவு. மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு அது வாரத்துக்கு வாரம் மாறும். நின்றபின் ரத்தப்போக்கு இருந்தால்தான் 4 மி.மீ. கணக்கு. அதற்குள் இருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. தாண்டினால் பயாப்ஸி பார்க்க வேண்டும், அவ்வளவே. விளம்பர நோட்டீஸ்கள் 'ரத்தப்போக்கு இருந்தால்' என்பதை வசதியாக விழுங்கிவிடுகின்றன.

அந்த 7 மி.மீ.க்குள் என்ன இருக்கிறது? முன்சுவர், பின்சுவர் இரண்டின் உள்வரியையும் சேர்த்தே அளக்கிறார்கள். கருப்பையின் உள்ளறை புதுப் பாலிதீன் பை மாதிரி ஒட்டிக்கிடக்கும். நடுவே ஒரு பாலிப் (சிறு சதை வளர்ச்சி) நசுங்கிக் கிடந்தால் அதுவும் தடிப்பில் சேர்ந்துவிடும். மெல்லிய குழாய் வழியே 5 முதல் 10 மி.லி. சலைன் விட்டபடி, பிறப்புறுப்பு வழியே அதே ஸ்கேனை எடுத்தால் சுவர்கள் விலகுகின்றன. திரையில் கறுப்பாகத் தெரியும் நீருக்குள் பாலிப் காம்போடு நீட்டிக்கொண்டு நிற்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் அதற்குள் நுழையும் ரத்தக்குழாய்கூடப் பல நேரம் தெரியும். மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் உதவும். உள்வரிக்கு அடியில் வரும் நீர்க்கட்டிகள் சாதாரண ஸ்கேனில் தடிப்பு போலவே ஏமாற்றும். ஒரு சிரிஞ்ச் உப்புநீரில் முடிகிற காரியம். பேக்கேஜ் பட்டியலில் இதைக் காணோம். காசு பார்க்க முடியாததாலோ என்னவோ.

எம்.ஆர்.ஐ.யின் முறை பெரும்பாலும் பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியான பிறகுதான். எம்.ஆர்.ஐ.யின் டி2 வகைப் படத்தில் உள்வரி வெளுப்பாகவும், அதைச் சுற்றிய தசையின் உட்பகுதி கறுப்புப் பட்டையாகவும் தெரியும். கட்டி அந்தப் பட்டையை உடைத்ததா, தசைச்சுவரின் பாதியைத் தாண்டியதா என்பதைப் பார்த்து அறுவைசிகிச்சையைத் திட்டமிடுவார்கள். பயாப்ஸிக்கு அது மாற்றாகாது.

மற்ற கேள்விகள்:

கதிர்வீச்சு? சலைன் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. இரண்டிலும் இல்லை.

சலைன் ஸ்கேன் எப்போது? மாதவிலக்கு முடிந்த சில நாட்களில். கர்ப்பமோ தொற்றோ இருந்தால் கூடாது.

மணமாகாதவர்களுக்கு? வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன் போதவில்லை என்றால், எம்.ஆர்.ஐ. கேட்பது நியாயம்.

4 மி.மீ.க்குள் இருந்தும் மறுபடி ரத்தம் பட்டால்? அளவை ஓரம் வைத்துவிட்டு பயாப்ஸி கேளுங்கள். சிலவகைப் புற்றுநோய் மெல்லிய உள்வரியிலும் வரும்.