லீவு யாருக்கு?

மே மாசம் வந்துவிட்டால் ஆபீசில் கொடைக்கானலா, ஏற்காடா என்று பேச்சு ஓடும். என்னைக் கேட்டால் "காரைக்குடிக்கு" என்பேன். "அந்த வெயில்லயா!" என்று சிரிப்பார்கள். செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு இது சிரிக்கிற விஷயமில்லை. எங்களுக்கு லீவு என்றாலே ஊர் திரும்புவதுதான். அதற்கு நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கடல் கடந்து வட்டிக்கடை வைத்தார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளப் போகும் ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வருவார். கொஞ்ச காலம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறுவார். பெரும்பாலும் பெண்டு பிள்ளைகள் ஊரிலேயே இருந்தார்கள். சம்பாதித்தது ரங்கூனில், வாழ்ந்தது காரைக்குடியில், தேவகோட்டையில், கானாடுகாத்தானில். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. ஆனால் பழக்கம் போகவில்லை. ரங்கூன் போய் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் வந்தது. கல்யாணம், பிள்ளையார் நோன்பு, மே மாச லீவு என்று ஏதாவது ஒரு சாக்கில் வீடு நிறையும்.

இந்த வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலிச் சலவைக்கல்லையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அதைவிட ஆச்சரியமானது, மே மாச மத்தியானத்தில் அங்கே எப்படித் தூங்க முடிகிறது என்பதுதான். முகப்பைத் தாண்டினால் வளவு. அதன் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த பத்தி, அதற்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதையும் தாண்டினால் இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல். தலைவாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். வெயில் ஏற ஏற முற்றத்துக் காற்று சூடாகி மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப நிழல் பக்கமிருந்து காற்று உள்ளே வரும். சுவர் கனமான செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. பகல் சூடு அதைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறுமனே படுத்தால் போதும். ராத்திரி சுவர் அந்தச் சூட்டை வெளியே விடும். அதனால்தான் ராத்திரிக்குப் பாய் முற்றத்துக்கு நகரும்.

காற்றோட்டத்தை எந்த இன்ஜினியரும் விளக்கிவிடுவார். ஒரே கூரையின் கீழ் இத்தனை குடும்பம் எப்படி இருந்தது என்பதுதான் நான் ரொம்ப நாள் யோசித்த கேள்வி. பதில் 'புள்ளி' என்கிற சொல்லில் இருக்கிறது. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. கோயில் வரியே புள்ளிக் கணக்கில்தான். மகனுக்குக் கல்யாணமானதும் பெற்றோர் அவனை 'வேறு வைப்பார்கள்'. வேறு வீட்டுக்கு அனுப்புவதில்லை. அதே வீட்டில் தனி அறை, தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு. வளவும் முற்றமும் பொது. விசேஷமும் சாமியும் பொது. வெளியூர்க்காரர்கள் இதைப் பெரிய கூட்டுக்குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டு உண்டு, ஆனால் ஒருத்தியே நாற்பது பேருக்குச் சமைக்கிற கூட்டு இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது பல வருஷம் முன்னால். புரிந்தது போன வருஷம்தான்.

நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேரும் குடும்பத்தோடு போய் இறங்கியிருந்தோம். பிள்ளைகளைச் சேர்த்துப் பதின்மூன்று பேர். நாலாம் நாள் காலையில் பணியாரத்துக்கு ஊற்றிக்கொண்டே ஆத்தா சொன்னார்கள் (எங்கள் பக்கம் அம்மாவை ஆத்தா என்போம்): "வாரவுகளுக்கெல்லாம் லீவு. எனக்கு எப்பப்பா லீவு?"

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்கு அன்று பணியாரம் இறங்கவில்லை. ஆத்தாவுக்கு வயது எழுபத்து மூன்று. நான் முற்றத்தில் படுத்து அனுபவித்த அத்தனை ஓய்வும் அடுப்படியில் இருந்து வந்தது. இரண்டு மருமகள்கள் கூடவே நின்றார்கள். அவர்களும் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள்தான்.

இந்த வருஷம் கிளம்புவதற்கு முன்னாலேயே பழைய முறையைக் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்தோம். காலைக் காப்பியும் பலகாரமும் அவரவர் புள்ளி பார்த்துக்கொள்ள வேண்டியது. மத்தியானம் மட்டும் எல்லோரும் பந்தியாக உட்காருவது. அதை நாளுக்கு ஒரு புள்ளி சமைப்பது, ஆம்பிளைகளும் சேர்ந்து. ராத்திரிக்கு அடுப்பே கிடையாது, கடை இட்லி. செலவுக்குத் தம்பி ஒரு நோட்டுப் போட்டான். வீடு திறந்த முதல் நாள் லீவாகவே கணக்கில்லை. அது தூசி தட்டும் நாள், எல்லோருக்கும் விளக்குமாறு உண்டு.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் இரண்டு நாள் ஆத்தா அடுப்படி நிலையில் நின்றுகொண்டு "புளி கூட, புளி கூட" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொன்னதில் தப்பில்லை, என் குழம்பில் புளி கூடத்தான். மூன்றாம் நாள் சத்தத்தைக் காணோம். போய்ப் பார்த்தால் பத்தியில் பேத்தியோடு பல்லாங்குழி. சோழியை அள்ளிப் போடுவதில் குழந்தையை ஏமாற்றவும் செய்தார்கள். கடைசி நாள் "இன்னைக்கு நான் செய்றேன், யாரும் உள்ள வராதீக" என்று கவுனி அரிசி வைத்தார்கள். அன்று சமைத்தது அவர்கள் விருப்பம்.

இதில் பங்காளிகளுக்கும் ஒரு சேதி இருக்கிறது. இந்த வீடு ஐந்து புள்ளிக்குப் பொது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஆனாலும் இடித்த வீட்டுத் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடக்கின்றன. பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஓடு நகரும், மழை இறங்கும், கரையான் ஏறும். ரிப்பேருக்குப் பணம் கேட்டால் "யாரு இருக்கா அங்க?" என்று ஒரு பங்காளி கேட்பார். வருஷத்தில் பத்து நாளாவது நாலு அடுப்பு எரிகிற வீட்டைப் பற்றி அப்படிக் கேட்க முடியாது.

அந்தப் பத்து நாளும் அடுத்த வருஷமும் வர வேண்டுமானால், வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அது லீவாக இருக்க வேண்டும். ஒருத்தருக்காவது அது வேலையாகிவிட்டால், "அடுத்த தரம் வேணாம்ப்பா" என்கிற பேச்சு அங்கேயிருந்துதான் தொடங்கும். ஊருக்கு டிக்கெட் போடும்போதே, யார் என்றைக்குச் சமைப்பது என்பதையும் எழுதி வைத்துவிடுங்கள். பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது அந்தக் காகிதம்தான்.